மின்னஞ்சல் தொடர்புகளை ஸ்கிரிப்ட் கொண்டு பராமரித்தல்

மின்னஞ்சல் செயலியில் சேமிக்கப்பட்ட பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைச் சிறிய கணினி நிரல் ஒன்றின் உதவியோடு திருத்துதல், வகைப்படுத்துதல், இரட்டைப் பதிவுகளைக் கண்டறிதல், புதியவற்றைச் சேர்த்தல் ஆகிய பணிகள் ஸ்கிரிப்ட் வழித் தொடர்புப் பராமரிப்பு எனப்படும். ஐம்பது பேர் கொண்ட பட்டியலைக் கையாலேயே சீர்செய்துவிடலாம். ஆயிரம் பேர் கொண்ட பட்டியலில் எல்லா எண்களுக்கும் நாட்டுக் குறியீடு சேர்ப்பது போன்ற வேலைக்கு ஸ்கிரிப்ட் தேவைப்படுகிறது.

இத்தகைய ஸ்கிரிப்ட் இரண்டு வகை வேலைகளைச் செய்கிறது. முதலாவது, தகவலின் வடிவத்தைச் சீராக்குவது. இரண்டாவது, இரண்டு பதிவுகள் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்று முடிவு செய்வது. முதல் வேலையை ஸ்கிரிப்ட்டிடம் நம்பி ஒப்படைக்கலாம். இரண்டாவதை, குறிப்பாகத் தமிழ்ப் பெயர்கள் கொண்ட பட்டியலில், ஸ்கிரிப்ட் தானாக முடிவு செய்தால் இருவேறு மனிதர்கள் ஒருவராக்கப்பட்டு ஒருவரின் எண் அழிந்துபோகும் வாய்ப்பு உண்டு.

தகவல் சேமிக்கப்படும் வடிவம்

தொடர்புத் தகவலைப் பரிமாறுவதற்குப் பரவலாகப் பயன்படும் வடிவம் விகார்டு ஆகும். இதன் 3.0 பதிப்பு 1998-இலும் 4.0 பதிப்பு 2011-இலும் இணையத் தரநிலைகளாக வெளியிடப்பட்டன. இது வெறும் உரைக் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் ஒரு புலத்தின் பெயரும் அதன் மதிப்பும் இருக்கும். ‘எஃப்என்’ என்பது காட்டப்படும் முழுப்பெயர். ‘என்’ என்பது குடும்பப் பெயர், இடுபெயர், கூடுதல் பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட பெயர். ‘டெல்’ தொலைபேசி எண். ‘யூஐடி’ அந்தப் பதிவுக்கே உரிய மாறாத அடையாளம்.

4.0 பதிப்பு யூடிஎஃப்-8 குறியேற்றத்தை மட்டுமே ஏற்கிறது. பழைய செல்பேசிகள் தரும் 2.1 பதிப்புக் கோப்புகளில் தமிழ்ப் பெயர்கள் சமக்குறிகளும் எண்ணெழுத்துகளும் கலந்த நீண்ட கோவையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிடக் கூடாது. ஸ்கிரிப்ட் அதை எளிதில் தமிழாக மாற்றித் தரும்.

மற்றொரு வடிவம் சிஎஸ்வி. இது காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட அட்டவணை; விரிதாளில் திறந்து பார்க்க வசதியானது. வெவ்வேறு கருவிகளில் உள்ள தொடர்புகளை ஒரே நிலையில் வைத்திருக்க கார்டுடாவ் என்ற நெறிமுறை பயன்படுகிறது. இதுவும் 2011-இல் தரநிலையானது.

செயலிகளும் வழிகளும்

ஜிமெயில்: கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் எனும் ஜாவாஸ்கிரிப்ட் சார்ந்த சூழலில் உலாவியிலேயே ஸ்கிரிப்ட் எழுதி இயக்கலாம். கூகுளின் பழைய தொடர்பு இடைமுகம் 2022 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் பீப்பிள் ஏபிஐ பயன்படுகிறது. பழைய பாடங்களில் காணப்படும் ‘கான்டாக்ட்ஸ்ஆப்’ கட்டளைகளை நம்பிப் புதிய ஸ்கிரிப்ட் எழுதுவது பயன் தராது.

தண்டர்பேர்டு: 2022-இல் வந்த 102-ஆம் பதிப்பில் முகவரிப் புத்தகம் விகார்டை அடிப்படையாகக் கொண்டு புதிதாக அமைக்கப்பட்டது. தொடர்புகளை விகார்டாக ஏற்றுமதி செய்து, பைத்தான் ஸ்கிரிப்ட்டால் திருத்தி, மீண்டும் இறக்குமதி செய்வது எளிய வழி.

அவுட்லுக்: விண்டோஸின் பழைய மேசைப் பதிப்பில் விபிஏ மொழியில் எழுதலாம். ‘புதிய அவுட்லுக்’ எனப்படும் பதிப்பில் விபிஏ இயங்காது.

மட்: லினக்ஸ் முனையத்தில் இயங்கும் இச்செயலியில் புனைபெயர்ப் பட்டியல் ஓர் உரைக் கோப்பே. வரிக்கு ஒருவர் என்று இருப்பதால் ஸ்கிரிப்ட் கற்போர் பழகிப் பார்க்க ஏற்றது.

ஆண்ட்ராய்டு செல்பேசியில் கூகுள் கணக்கோடு ஒத்திசைவு இயங்கினால் ஜிமெயில் தொடர்புகளும் செல்பேசியின் பெயர்ப் பட்டியலும் ஒன்றே. மின்னஞ்சலுக்காக இயக்கப்படும் ஸ்கிரிப்ட் செய்யும் பிழை, சிறிது நேரத்தில் செல்பேசிக்கும் வந்துவிடும்.

எடுத்துக்காட்டு: ஒரு மானாவாரி ஊரின் பட்டியல்

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில் உள்ள பரளச்சி போன்ற ஓர் ஊரின் உழவர் குழு, தன் உறுப்பினர் பட்டியலை ஜிமெயிலில் வைத்திருப்பதாகக் கொள்ளலாம். மழையை நம்பி விதைக்கும் பகுதி என்பதால் விதைப்புக் காலச் செய்தியும், பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள் பற்றிய செய்தியும் உரிய நேரத்தில் போய்ச்சேர வேண்டும். கடைசி நாளைத் தவறவிட்டவருக்கு அந்தப் பருவத்தில் காப்பீடு கிடையாது. பட்டியலில் உள்ளூர்க்காரர்களோடு திருப்பூர், சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள் எனப் பல இடங்களில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் நிலம் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். இத்தகைய பட்டியலைச் சீராக்கும்போது எழும் சிக்கல்கள் பின்வருமாறு.

தொலைபேசி எண்ணைச் சீராக்குதல்

ஒரே செல்பேசி எண்ணை ஒருவர் பத்து இலக்கமாகவும், இன்னொருவர் முன்னால் சுழியம் இட்டும், மற்றொருவர் கூட்டல் குறியோடு 91 சேர்த்தும் எழுதியிருப்பார். இடைவெளியும் சிறுகோடும் வேறு வரும். எல்லாவற்றையும் ‘கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு, எண்’ என்ற இ.164 எனும் பன்னாட்டு வடிவத்திற்கு மாற்றுவது வழக்கம். அவ்வடிவத்தில் அதிகபட்சம் 15 இலக்கங்கள் இருக்கலாம்.

இதற்கான விதிகளை அவசரமாக எழுதினால் பிழைகள் நேரும்.

1. ‘தொடக்கத்தில் 91 இருந்தால் நீக்கு’ என்ற விதி தவறு. 91 எனத் தொடங்கும் பத்து இலக்கச் செல்பேசி எண்களும் உள்ளன. மொத்தம் 12 இலக்கங்கள் இருந்தால் மட்டுமே முன்னால் உள்ள 91 நாட்டுக் குறியீடு ஆகும்.

2. ‘பத்து இலக்கம் இருந்தால் செல்பேசி’ என்பதும் தவறு. அருப்புக்கோட்டை வட்டாரத்தின் தொலைபேசிக் குறியீடு 04566. சுழியத்தை நீக்கினால் நான்கு இலக்கக் குறியீடும் ஆறு இலக்க எண்ணும் சேர்ந்து பத்து இலக்கம் வரும். இந்தியச் செல்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்குவதால் 4-இல் தொடங்குவது தரைவழி எண் என்று ஸ்கிரிப்ட் பிரித்தறியலாம். ஆனால் பெங்களூருவின் குறியீடு 080 ஆதலால் அந்நகரத் தரைவழி எண் 8-இல் தொடங்கி இந்தச் சோதனையில் தப்பிவிடும்.

3. ‘நாட்டுக் குறியீடு இல்லையென்றால் 91 சேர்’ என்பதும் தவறு. சிங்கப்பூர் எண்கள் எட்டு இலக்கம் கொண்டவை. இலங்கை, ஐக்கிய அரபு அமீரகச் செல்பேசி எண்களில் தொடக்கச் சுழியத்தை நீக்கினால் ஒன்பது இலக்கங்களே எஞ்சும். சரியாகப் பத்து இலக்கம் உள்ளவற்றுக்கு மட்டும் 91 சேர்த்து, மற்றவற்றை ‘சரிபார்க்க’ என்ற லேபிளின் கீழ் ஒதுக்கிவைக்க வேண்டும்.

தமிழ்ப் பெயரும் ஒருங்குறியும்

திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு தமிழ்ப் பெயர்கள் கணினிக்கு வெவ்வேறாக இருக்கலாம். ‘கொ’ என்ற எழுத்தை ககரமும் ஒகரக் குறியும் என இரு குறிகளாகச் சேமிக்கலாம்; ககரம், எகரக் குறி, கால் என மூன்று குறிகளாகவும் சேமிக்கலாம். தோற்றத்தில் வேறுபாடு இராது. இதைச் சரிசெய்ய ஒருங்குறியின் ‘என்எஃப்சி’ எனும் இயல்பாக்க முறை உள்ளது. பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இது ஒரே கட்டளையில் முடியும். பெயர்களை ஒப்பிடுவதற்கு முன் இது கட்டாயம்.

இயல்பாக்கத்தால் தீராத வேறுபாடுகளும் உண்டு. ‘சௌந்தரம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியையும் ளகரத்தையும் தட்டச்சு செய்பவர்கள் பலர். ‘ஸ்ரீ’ என்பது ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் எழுதப்படுகிறது. இவற்றுக்குத் தனி மாற்று அட்டவணை ஒன்றை ஸ்கிரிப்ட்டில் சேர்க்க வேண்டும்.

இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பெயரிலுள்ள புள்ளி, அடைப்புக்குறி போன்றவற்றை நீக்குவதற்காக ‘எழுத்து அல்லாத அனைத்தையும் நீக்கு’ என்று எழுதுவது வழக்கம். ஒருங்குறியில் தமிழ் உயிர்க்குறிகளும் மெய்ப்புள்ளியும் ‘எழுத்து’ என்ற வகையில் வராமல் ‘குறி’ என்ற வகையில் வருகின்றன. எனவே அந்த விதி ‘கருப்பசாமி’ என்பதை ‘கரபபசம’ ஆக்கிவிடும். ‘மாரி’, ‘மீரா’ இரண்டும் ‘மர’ என்றாகி ஒரே பெயராகப் பொருந்திவிடும். ஆங்கிலப் பெயர்களுக்காக எழுதப்பட்ட ஸ்கிரிப்ட்டை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பட்டியலில் இயக்கக் கூடாது என்பதற்கு இது முதன்மைக் காரணம். எதை நீக்க வேண்டுமோ அதைப் பட்டியலிட்டு நீக்குவதே பாதுகாப்பானது.

அகர வரிசையிலும் கவனம் தேவை. ஒருங்குறியில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்பும் வைக்கப்பட்டுள்ளன. எண்வரிசைப்படி அடுக்கினால் தமிழ் நெடுங்கணக்கு வரிசை கிடைக்காது. மொழி சார்ந்த அடுக்குமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முன்னெழுத்து

விகார்டின் பெயர்ப் புலம் குடும்பப் பெயரும் இடுபெயரும் உள்ள வழக்கத்தை ஒட்டி அமைந்தது. தமிழ்நாட்டில் தந்தை அல்லது தாய் பெயரின் முதலெழுத்தை முன்னெழுத்தாக இடுவதே பெருவழக்கு. ‘மு. கருப்பசாமி’ என்ற பெயரில் ‘மு’ குடும்பப் பெயரும் அன்று, கருப்பசாமியின் இடுபெயரும் அன்று. செயலிகள் சில ‘மு’ என்பதை இடுபெயராகவும் ‘கருப்பசாமி’ என்பதைக் குடும்பப் பெயராகவும் பிரித்து வைக்கின்றன. அதனால் ஒருவரை விளித்துத் தானியங்கி மடல் எழுதினால் ‘அன்புள்ள மு’ என்று தொடங்கும். முழுப்பெயரை இடுபெயர்ப் புலத்திலேயே வைத்து, முன்னெழுத்தைத் தனிப்பயன் புலத்தில் வைப்பது நடைமுறையில் எளிது.

முன்னெழுத்தைப் பெயரிலிருந்து பிரிக்கும்போது ‘முதல் குறியை எடு’ என்று கட்டளையிட்டால் ‘மு’ என்பதற்குப் பதில் ‘ம’ மட்டும் கிடைக்கும். ‘மு’ என்பது கணினிக்கு மகரம், உகரக் குறி என இரண்டு குறிகள். தமிழ் எழுத்துகளை முழு எழுத்தாகப் பிரித்துத் தரும் ‘ஓபன்-தமிழ்’ போன்ற பைத்தான் நூலகம் இங்கு உதவும்.

ஒரே ஆள் ஓரிடத்தில் ‘மு. கருப்பசாமி’ எனவும், வேறிடத்தில் ஆங்கில முன்னெழுத்தை ஒட்டி ‘எம். கருப்பசாமி’ எனவும் பதிவாகியிருக்கலாம். ‘எம்’ என்பது மு, மா, மீ, மு தவிர வேறு மகர எழுத்து என எதையும் குறிக்கலாம். ஆகவே இதை ஸ்கிரிப்ட் தானாகத் தமிழாக்க முடியாது. பெயரை எழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. பழைய பதிவுகளோ இரு வகையிலும் கலந்தே கிடக்கின்றன.

ஒரே பெயர், ஒரே எண்: எப்போது ஒரே ஆள்?

தாத்தா, பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடுவதும், குலதெய்வத்தின் பெயரை இடுவதும் தென்மாவட்டங்களில் பரவலான வழக்கம். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பது இயல்பு. முன்னெழுத்தும் ஒன்றாக அமைந்துவிடுவது உண்டு. ‘மு. கருப்பசாமி’ என்ற இரு பதிவுகள் முருகன் மகனையும் முனியாண்டி மகனையும் குறிக்கலாம். ஊரார் அவர்களை வடக்குத் தெருக்காரர், கடைக்காரர் என்று வேறு அடையாளம் சொல்லிப் பிரித்துக்கொள்வார்கள். அந்த அடையாளம் பட்டியலில் இருப்பதில்லை.

எண் ஒன்றாக இருந்தாலும் ஆள் ஒன்று என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் உள்ள ஒரே செல்பேசி எண்ணைத் தாயும் மகனும் தங்கள் எண்ணாகக் கொடுத்திருக்கலாம். பயன்பாடு நிறுத்தப்பட்ட எண் 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். பழைய பதிவிலும் புதிய பதிவிலும் உள்ள அதே எண் இப்போது வேறொருவருடையதாக இருக்கக்கூடும்.

எனவே பொருத்தங்களை மூன்று நிலைகளாகப் பிரிப்பது நல்லது.

உறுதியானது: பெயர், எண், மின்னஞ்சல் மூன்றும் இயல்பாக்கத்திற்குப் பின் ஒன்றாக இருத்தல். இவற்றை இணைக்கலாம்.

ஐயத்திற்குரியது: எண் ஒன்று, பெயர் வேறு, அல்லது பெயரும் முன்னெழுத்தும் ஒன்று, எண் வேறு. இவற்றைப் பட்டியலாக எழுதி ஊரறிந்த ஒருவரின் பார்வைக்கு வைக்க வேண்டும்.

வேறானது: மற்றவை. இவற்றைத் தொடக் கூடாது.

மின்னஞ்சல் முகவரியை ஒப்பிடும்போது முன்பின் உள்ள இடைவெளியை நீக்கிச் சிறிய எழுத்தாக்க வேண்டும். ஜிமெயில் முகவரியில் அட் குறிக்கு முன் வரும் புள்ளிகள் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. புள்ளியோடும் புள்ளியின்றியும் எழுதப்பட்ட இரண்டும் ஒரே பெட்டிக்கே போகும். பிற சேவைகளுக்கு இந்த விதி பொருந்தாது.

ஸ்கிரிப்ட்டின் படிநிலைகள்

1. முழுப் பட்டியலையும் விகார்டாகவும் சிஎஸ்வியாகவும் ஏற்றுமதி செய்து, நாளிட்டு, கணினியில் தனியாகச் சேமித்தல்.

2. ஒவ்வொரு பதிவையும் படித்து, அதன் மாறாத அடையாளத்தோடு ஒரு விரிதாளின் வரிசையாக எழுதுதல்.

3. பெயரை இயல்பாக்கி, எண்ணைச் சீராக்கி, புதிய மதிப்பைப் பழைய மதிப்புக்குப் பக்கத்து நெடுவரிசையில் எழுதுதல். பழையதன் மேல் எழுதக் கூடாது.

4. பொருத்தங்களை மூன்று நிலைகளாகக் குறித்தல்.

5. ஐயத்திற்குரிய வரிசைகளில் ‘இணை’, ‘விடு’ என்று மனிதர் ஒருவர் நிரப்புதல்.

6. வெள்ளோட்டம். எந்த மாற்றமும் செய்யாமல், செய்யவிருக்கும் மாற்றங்களை மட்டும் ஸ்கிரிப்ட் அச்சிட்டுக் காட்டுதல்.

7. முதலில் பத்துப் பதிவுகளில் மட்டும் இயக்கி, செல்பேசியில் திறந்து சரிபார்த்தல்.

8. மீதமுள்ளவற்றில் இயக்கி, ஒவ்வொரு மாற்றத்தையும் நாள், நேரத்தோடு பதிவேட்டில் எழுதுதல்.

ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டை நாள்தோறும் தானாக இயங்கும்படி அமைக்கலாம். எண் சீராக்கலை அவ்வாறு விடலாம். இணைப்பு வேலையை விடக் கூடாது. ஒருமுறை இயங்கும் நேரம் ஆறு நிமிடத்துக்கு மேல் போனால் ஸ்கிரிப்ட் நிறுத்தப்படும் என்பதால், பெரிய பட்டியலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எதுவரை முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்ளும்படி எழுத வேண்டும்.

எழுதும்போது நேரும் இழப்புகள்

பீப்பிள் ஏபிஐயில் ஒரு பதிவைத் திருத்தும்போது எந்தெந்தப் புலங்கள் மாறுகின்றன என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிட்ட புலத்தில் ஏற்கெனவே உள்ள மதிப்புகள் அனைத்தும் புதிய மதிப்புகளால் மாற்றப்படும். ஒருவருக்கு மூன்று எண்கள் இருக்க, ஸ்கிரிப்ட் ஒன்றை மட்டும் சீராக்கி அனுப்பினால் மற்ற இரண்டும் போய்விடும். மூன்றையும் படித்து, ஒன்றைத் திருத்தி, மூன்றையும் திரும்ப அனுப்ப வேண்டும். பதிவோடு வரும் ‘ஈடேக்’ எனும் குறியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இடையில் வேறு யாராவது செல்பேசி வழியே அதே பதிவை மாற்றியிருந்தால், அந்தக் குறி பொருந்தாமல் திருத்தம் மறுக்கப்படும். இது ஒரு பாதுகாப்பு.

கூகுள் தொடர்புகளில் கடந்த 30 நாள்களுக்குள் இருந்த நிலைக்குத் திரும்பும் வசதி உள்ளது. ஆனால் அது முழுப் பட்டியலையும் பின்னோக்கி எடுத்துச் செல்லும். இடையில் சேர்த்த புதிய எண்களும் நீங்கும். பிழை பல மாதம் கழித்துத் தெரியவந்தால் அவ்வசதி உதவாது. முதல் படியில் சேமித்த காப்பு நகலே அப்போது கைகொடுக்கும்.

விகார்டைத் தானே எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்றில் இன்னொரு சிக்கல் வரும். வரி 75 பைட்டைத் தாண்டினால் மடித்து எழுத வேண்டும் என்பது பரிந்துரை. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. ஒரு குறியின் நடுவில் வரியை மடித்தால் பெயர் சிதையும். 4.0 தரநிலை அவ்வாறு மடிப்பதைத் தடை செய்கிறது. ஆயத்த நூலகங்களைப் பயன்படுத்தினால் இதைத் தவிர்க்கலாம்.

விரிதாளில் கவனிக்க வேண்டியவை

சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தொலைபேசி எண் ஒரு தொகையாகக் கருதப்படும். தொடக்கச் சுழியமும் கூட்டல் குறியும் மறையும். 91 சேர்ந்த 12 இலக்க எண் அறிவியல் குறியீட்டு வடிவில் சுருங்கித் தெரியும். அந்த நிலையில் மீண்டும் சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்து, பட்டியல் முழுவதும் பயனற்றதாகிவிடும். எண் நெடுவரிசையை ‘உரை’ என்று குறிப்பிட்டு இறக்குமதி செய்வதே சரி. தமிழ் எழுத்துகள் புரியாத குறிகளாகத் தெரிந்தால், இறக்குமதியின்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

தனியுரிமை

தொடர்புப் பட்டியல் அதை வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதன்று. அதில் உள்ள ஒவ்வொருவரின் தகவலும் அதில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்ட்டை இயக்கும்போது ‘உங்கள் தொடர்புகளைப் பார்க்கவும் திருத்தவும் நீக்கவும்’ அனுமதி கேட்கப்படும். ஸ்கிரிப்ட்டின் வரிகளைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் அந்த அனுமதியைத் தரக் கூடாது. குழுவுக்கு மடல் அனுப்பும்போது முகவரிகளை மறைநகல் புலத்தில் இட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதற்குப் பொருந்தாது. குழு, சங்கம், நிறுவனம் ஆகியவை அந்த விலக்கைத் தங்களுக்கு உரியதாக எடுத்துக்கொள்ள முடியாது.

தேவையும் அளவும்

நூறு, இருநூறு பேர் கொண்ட பட்டியலுக்குக் கூகுள் தொடர்புகளில் உள்ள ‘இணைத்துச் சரிசெய்’ வசதியே போதுமானது. அது இரட்டைப் பதிவுகளைக் காட்டி, இணைக்கலாமா என்று பயனரைக் கேட்கிறது. அதே ஒழுங்கைப் பெரிய பட்டியலுக்கும் விரித்துச் செய்வதே நல்ல ஸ்கிரிப்ட். எண்ணுக்கு நாட்டுக் குறியீடு சேர்ப்பது, எழுத்துக் குறியேற்றத்தை ஒன்றாக்குவது, லேபிள் இடுவது ஆகியவை அதன் வேலை. இரு கருப்பசாமிகளில் காப்பீட்டுச் செய்தி யாருக்குப் போக வேண்டும், அல்லது இருவருக்கும் போக வேண்டுமா என்பதை அவர்களை அறிந்தவரே சொல்ல வேண்டும்.